ஒரு ஆள், ஒரு பூட்டு

மேற்கு ஆஸ்திரேலியாவில், எங்கள் பில்பாராவில் மழை சொல்லிக்கொண்டு வராது. பத்து மாதம் எங்களை மறந்தே போயிருக்கும். பிப்ரவரியில் ஒருநாள் புயலைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும். அன்று காலை ஐந்தேகாலுக்கு அப்படித்தான் வந்து நின்றது. தொழிலாளர் முகாமிலிருந்து இரும்புச் சுரங்கத்துக்குப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறவள் நான். கதவை மூடப்போன நேரத்தில், ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண் செம்மண் சேற்றில் பூட்ஸ் வழுக்க வழுக்க ஓடிவந்தாள். கையில் ஐஸ் காபி டப்பா. ஏறினாள். நான் பஸ்ஸை எடுத்தேன். கொஞ்சம் வேகமாகத்தான் எடுத்துவிட்டேன்... காபி முழுவதும் மூன்றாவது வரிசையில் இருந்த சுரங்கத் தொழிலாளி ஐவோவின் மடியில்.

இதில் பாதி நான் கண்ணாடியில் பார்த்தது. மீதி, பின்னால் அவர்கள் இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னது. பஸ் ஓட்டுகிறவளிடம் எல்லோரும் எல்லாவற்றையும் கொட்டுவார்கள், என் முகராசி அப்படி.

"சாரி... ரொம்ப சாரி. நல்லவேளை சூடா இல்ல."

"ஐஸ் காபி எப்படிச் சூடா இருக்கும்?"

"கோவமா இருக்கியான்னு பார்க்கத்தான் அப்படிச் சொன்னேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் இமைகளில் இன்னும் மழைத்துளி. அதற்குக் கீழே சாம்பல் நிறக் கண்கள். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற கண்கள்... ரொம்ப நாளாகச் சிரித்துப் பழக்கமில்லாத கண்கள் என்று அவனுக்கு ஏனோ தோன்றியது. அவற்றைச் சிரிக்க வைத்தே ஆகவேண்டும் என்றும் தோன்றியது. கைவசம் இருந்ததை எடுத்துவிட்டான்.

"வளை தோண்டி வாழற வாம்பாட் இருக்கே, அது போடற சாணி கனசதுரமா இருக்கும். தாயக்கட்டை மாதிரி. தெரியுமா உனக்கு?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவனையே ஒரு நிமிடம் பார்த்தாள். "காலைல அஞ்சேகாலுக்கு, மேல காபி கொட்டினவகிட்ட, உனக்கு இதைத்தான் சொல்லத் தோணுச்சா?"

"தினம் ஒண்ணு புதுசா கத்துக்குவேன். இன்னிக்கு இதுதான். பிடிக்கலைன்னா நேத்தோடது இருக்கு."

"அதையும் சொல்லித் தொலை."

"தூங்கி எழுந்திருக்கும்போது நாம எல்லாரும் ஒரு சென்டிமீட்டர் உயரமா இருப்போம். சாயங்காலத்துக்குள்ள அமுங்கிடுவோம்."

"இங்க பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். ரெண்டு சென்டிமீட்டர் அமுங்கும்," என்றாள். சிரித்தே விட்டாள். இரண்டு வருடத்தில் அதுதான் முதல் சிரிப்பு என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். பெயர் மார்னி. ஊர் ஜெரால்ட்டன். பாறையை நொறுக்கும் ஆலையில், தாதுவைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அன்றுதான் முதல் நாள். பஸ் சுரங்கத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐவோ இன்னும் மூன்று விஷயம் சொல்லிவிட்டான். இறங்கும்போது அவள் அவனுடைய பழுப்புக் கால்சட்டையைப் பார்த்து மறுபடி மன்னிப்புக் கேட்டாள்.

அந்தச் சிரிப்பின் ஆயுசு நாற்பது நிமிடம்.

எங்கள் சுரங்கத்தில் வேலை தொடங்குமுன் தினமும் ஒரு கூட்டம். பஸ் ஓட்டுகிற என்னையும் சேர்த்து நாற்பது பேரும் தகரக் கொட்டகையில் நின்றாக வேண்டும். முதல் காரியம், முறை வைத்து ஒருவர் அன்றைய பாடம் சொல்லவேண்டும். பெரிய விஷயமெல்லாம் இல்லை. ஏணியில் நின்றுகொண்டு போனை எடுத்தேன், விழுந்தேன், எடுக்காதீர்கள்... இந்த மாதிரி. ஐவோ முறை வந்தால் மட்டும் வாம்பாட், மின்னல், தேனீ என்று ஏதாவது வரும். அதனால் அவனுக்குப் புரொஃபசர் என்று பெயர். மேற்பார்வையாளர் ட்ரூடிக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. அன்றும் அவன் முறை. வாயைத் திறக்குமுன் அவன் கையில் ஒரு காகிதத்தைத் திணித்தாள். பழைய விபத்து ஒன்றைப் பற்றித் தலைமை அலுவலகம் எல்லாச் சுரங்கத்துக்கும் அனுப்பிய பாடமாம், அதை வாசித்தால் போதும் என்றாள்.

ஐவோ காகிதத்தைப் பார்த்தான். வாசிக்கவில்லை. ட்ரூடி இரண்டாவது தடவை சொன்ன பிறகு வாசித்தான், காய்ச்சல்காரன் குரலில். "ஓடும் பெல்ட்டில் சிக்கி ஓர் ஊழியர் மரணம். வயது இருபத்தேழு. காரணம், தன் பூட்டை அறையிலேயே மறந்துவிட்டு, பூட்டுப் போடாமல் உள்ளே சென்றது. பாடம்... சோம்பலுக்கு இடம் கொடுக்காதீர்கள். ஒரு ஆள், ஒரு பூட்டு."

அது எங்களுக்கு அரிச்சுவடி. பெல்ட்டில் வேலை செய்யப் போகிற ஒவ்வொருவரும் தன் படம் ஒட்டிய பூட்டை மின்சாரப் பலகையில் மாட்டவேண்டும். ஒரே ஒரு பூட்டு தொங்கினால்கூட யாராலும் பெல்ட்டை ஓடவிட முடியாது. வேலை முடிந்து வெளியே வந்தவன் தன் பூட்டைத் தானே கழற்றவேண்டும். அடுத்தவன் பூட்டைத் தொடக்கூடாது, அடுத்தவனுக்காகப் போடவும் கூடாது.

நாங்கள் வழக்கம்போலத் தலையாட்டினோம். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. உரக்கக்கூட இல்லை.

"அவன் பேரு கெல்வின். என் அண்ணன். உங்க காகிதத்துல பேருக்குக்கூட இடமில்லையா?"

கேட்டது கூட்டத்தை. பார்த்தது ஐவோவை. பிறகு மார்னி மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள். ஐவோ அந்தக் காகிதத்தை எட்டாக மடித்துக்கொண்டு அப்படியே நின்றான். சங்கடப்படுகிறான் என்று நினைத்தோம். நாங்கள் மடையர்கள்.

அவனுக்குத் தெரிந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் முன்பு, வேறொரு சுரங்கத்தில், ஆலையை நிறுத்திவைத்துப் பழுதுபார்க்கிற வேலைக்கு நாலா பக்கமிருந்தும் வந்த அறுபது பேரில் அவனும் ஒருவன். கெல்வினும் ஒருவன். பழக்கம் நான்கே நாள். ஐந்தாம் நாள் கெல்வின் பூட்டை முகாம் அறையில் வேறு கால்சட்டையில் விட்டுவிட்டு வந்தான். எடுத்துவர நாற்பது நிமிடம் ஆகும், போய்ட்டு வந்துடறேன் என்று கிளம்பினான். ஐவோதான் தடுத்தான். என்கிட்ட ரெண்டு இருக்கு, ஒண்ணை உனக்காகப் போடறேன், நீ உள்ள போ என்றான். இரண்டு பூட்டையும் மாட்டினான். பதினோரு மணிக்கு ஐவோவை வேறு வேலைக்குக் கூப்பிட்டார்கள். கை தன் பாட்டுக்குப் பழக்கத்தில் தன் படம் ஒட்டிய பூட்டு இரண்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. ஏழு நிமிடம் கழித்துப் பெல்ட் ஓடியது.

விசாரணைக்கு வந்தவர்கள் பலகையைப் பார்த்தார்கள், கெல்வின் பூட்டு இல்லை. அறையில் கிடைத்தது. கணக்கு சரியாகிவிட்டது. பலகையில் எத்தனை பூட்டு தொங்கியது என்று யாரும் ஐவோவைக் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே பாடத்தைச் சொல்லாமல் இருக்கத்தான் அதற்குப் பிறகு தினம் ஒன்றாக உலகத்து விஷயத்தையெல்லாம் கற்றுக்கொண்டான். வேலைக்கு இப்போது வேறு பூட்டு. அந்தப் பழைய இரண்டும் மட்டும் பகலெல்லாம் அவன் சட்டைப் பையிலேயே இருக்கும்.

நான்கு நாள் மார்னி அவனோடு பேசவில்லை. பஸ்ஸில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருவாள். ஐவோ மூன்றாவது வரிசையில் அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு வருவான். ஐந்தாம் நாள் சாப்பாட்டு அறையில் அவளே தட்டோடு வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"உன்மேல கோவம் இல்ல. அந்தக் காகிதத்து மேலதான். நீ வெறுமனே வாசிச்ச, அவ்வளவுதானே?"

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். வாய் வரை வந்தது. "மழை பெஞ்சா மண் மணக்குதே..." என்று ஏதோ ஆரம்பித்தான், கோழை. செடிகள் வெயில் காலத்தில் கசியவிடுகிற எண்ணெய் மண்ணில் ஊறிக்கிடந்து, மழை விழுந்ததும் கிளம்பும் வாசனை அது என்றான். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். மறுநாள் அவள் ஒன்று கொண்டுவந்தாள். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், நீந்தும்போது அதில் ஒன்று நின்றுவிடும், அதனால்தான் அது பெரும்பாலும் ஊர்ந்தே போகிறது.

"பாவம்ல..." என்றாள். "வேகமா எங்கயாவது போகணும்னு ஆசைப்பட்டா இதயத்தை நிறுத்தணும்."

அப்புறம் தினமும் ஒன்றுக்கு ஒன்று. நம்மைச் சுற்றி இருக்கிற இந்த மலையெல்லாம் கடலில் பிடித்த துரு என்று அவன் சொன்னால், பொய் சொல்லாதே என்று சண்டைக்கு வருவாள். உண்மை என்று தெரிந்ததும் நாள் முழுவதும் அவனுக்குத் துருப்பிடித்தவன் என்று பட்டம். வெஜிமைட் என்கிற உப்புப் பசை தடவிய அவள் ரொட்டியில் பாதி அவன் தட்டுக்குப் போனது. பஸ்ஸில் அவள் இடம் மறுபடி மூன்றாவது வரிசைக்கு மாறியது. நான் கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்துவைத்தேன். வயசானவளுக்கு வேறென்ன பொழுதுபோக்கு?

நடுநடுவே அவள் பேச்சில் அண்ணன் வருவான், கெல் என்றுதான் சொல்வாள். வாசல் கேட்டைச் சாத்திவிட்டு, திரும்பிவந்து ஒருமுறை ஆட்டிப்பார்க்கிறவன் கெல். காரைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப்பார்க்கிறவன். அப்படிப்பட்டவன் எப்படிப் பூட்டுப் போடாமல் உள்ளே போனான்? அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு இந்தப் புழுதிக்கு வந்திருந்தாள். பெல்ட்டைக் கண்ணால் பார்த்தாலாவது புரியும் என்று நினைத்தாளாம். அவள் அம்மா அறிக்கையை வாசித்த அன்றே கெல்லின் போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டார். சோம்பேறித்தனத்துக்கு என் பிள்ளையைக் கொடுத்தேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னார், அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவன் பெயரை எடுக்கவில்லை. ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது என்றாள் மார்னி. அதைக் கேட்ட அன்று ஐவோ சாப்பிடவில்லை.

புதன்கிழமை மாலை, முகாமில் பஸ் நின்றபிறகும் இருவரும் இறங்கவில்லை. மறுநாள் பாடம் சொல்லும் முறை மார்னியுடையது.

"முடிவு பண்ணிட்டேன்," என்றாள். "நாளைக்கு எல்லார் முன்னாடியும் நானே சொல்லிடப் போறேன். என் அண்ணன் அன்னிக்கு ஒருநாள் சோம்பல்பட்டான், அதனால செத்தான்னு. தேடித்தேடி அலுத்துப்போச்சு ஐவோ. நானே வாயால சொல்லிட்டா ஒருவேளை இதோட விட்டுடும். அம்மாவுக்கும் சரி, எனக்கும் சரி."

அவன் ஜன்னலைப் பார்த்தான். அவள் அவன் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள்.

"அதைச் சொல்லி முடிச்சதும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். பாடம் இல்ல... வேற. நாளைக்குச் சொல்றேன்."

காது சிவந்துபோய் இறங்கி ஓடினாள். ஐவோ உட்கார்ந்தே இருந்தான். வேண்டியதெல்லாம் அவன் கைக்கு வந்துவிட்டது. நாளைக்குக் காலை வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், அவள் அவனுக்கு. அப்பாவி ஒருவன் காலத்துக்கும் சோம்பேறி. அந்த வீட்டுச் சுவரில் காலத்துக்கும் வெறும் ஆணி. பூட்டணும், இறங்கு என்று நான்தான் அவனை விரட்டினேன். பூட்டணும் என்ற சொல்லைக் கேட்டு என்னை அவன் பார்த்த பார்வை எனக்கு அன்று புரியவில்லை.

வியாழன் காலை கொட்டகையில் நாற்பது பேரும் நின்றோம். மார்னி முன்னால் போனாள். கையில் காகிதம் இல்லை.

"என் அண்ணன் கெல்வின்... கவனமான ஆள்தான். ஆனா அன்னிக்கு ஒருநாள்..."

"இல்ல," என்றான் ஐவோ.

எல்லோரும் திரும்பினோம். அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தான். சட்டைப் பையிலிருந்து இரண்டு சிவப்புப் பூட்டை எடுத்து மேசையில் வைத்தான். இரண்டிலும் அவன் படம்.

"இது ரெண்டும் அன்னிக்குப் பலகைல தொங்குச்சு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு கெல்லுக்கு. அவன் போய் எடுத்துட்டு வரேன்னுதான் கிளம்பினான். நான்தான் விடல. பதினோரு மணிக்கு நான் ரெண்டையும் கழட்டிட்டேன். வேணும்னு இல்ல... மறந்துட்டேன். அவன் உள்ள இருந்தான். மறந்துட்டேன்."

மார்னியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பார்த்துக்கொண்டிருந்தது ஐவோ ஒருவன்தான். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"உள்ள போறதுக்கு முன்னாடி அவன் ஏதாவது சொன்னானா?"

"கேட்டான். வேலை முடியற வரைக்கும் எடுக்காதே, சரியான்னு கேட்டான். ரெண்டு தடவை கேட்டான்."

கேட்டைச் சாத்திவிட்டு ஆட்டிப்பார்க்கிறவன். அவளுக்கு அதுதான் முதலில் தோன்றியிருக்கவேண்டும். மேசையைப் பிடித்துக்கொண்டாள். பூட்டில் ஒன்றை எடுத்தாள், பார்த்தாள், அதே இடத்தில் வைத்தாள். பிறகு வெளியே போனாள். யாரும் பின்னால் போகவில்லை. ஐவோவும் போகவில்லை, அந்த உரிமை தனக்கில்லை என்று அவனுக்குத் தெரியும்.

அன்று முழுவதும் அவன் அலுவலகத்தில் உட்கார்ந்து போனில் வாக்குமூலம் கொடுத்தான். போலீஸ், விசாரணை அதிகாரி, மறுபடி போலீஸ். மறுநாள் நண்பகல் விமானத்தில் மாநிலத் தலைநகர் பெர்த்துக்கு வரச்சொன்னார்கள். அதற்குமேல் வழக்கு என்ன ஆகும், சிறையா, எத்தனை வருடம் என்று யாருக்கும் தெரியாது. கேட்டவர்களிடம் அவன் தெரியாது என்றே சொன்னான்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ட்ரூடி, பாதியில் நின்ற பாடத்தை முடிக்கிறாயா என்று மார்னியைத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். மார்னி முன்னால் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது, குரல் நடுங்கவில்லை. "என் அண்ணன் பேரு கெல்வின். கவனமானவன். ரெண்டு தடவை கேட்டுட்டுதான் உள்ள போனான்." அவ்வளவுதான் சொன்னாள். நாங்கள் தலையாட்டவில்லை. தொப்பியைக் கழற்றினோம்.

பதினோரு மணிக்கு விமான ஓடுபாதைக்குக் கிளம்பும் பஸ்ஸில் ஐவோ ஒருவன்தான் பயணி. அதே மூன்றாவது வரிசை. மழை விட்டுவிட்டுப் பெய்தது. நான் வண்டியை எடுக்கும்போது, ஆலைப் பக்கமிருந்து ஆரஞ்சுச் சட்டை ஒன்று சேற்றில் வழுக்க வழுக்க ஓடிவந்தது. இந்தத் தடவை நான் மெதுவாகத்தான் நிறுத்தினேன். அவள் முதல் படியில் ஏறி அங்கேயே நின்றுகொண்டாள்.

"அம்மாகிட்ட பேசினேன்," என்றாள், அவனைப் பார்க்காமல். "அவன் கேட்டுட்டுதான் போனான்னு சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்ல. லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம் டக்கு டக்குன்னு சுத்தியல் சத்தம். ஆணி ஆடுதுன்னு அடிச்சிக்கிட்டு இருந்தாங்க... போட்டோவை மாட்டறதுக்கு."

ஐவோ முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். இரண்டு வருடத்துக்கு முன் அழவேண்டிய அழுகை அது.

"உன்னை மன்னிக்க மாட்டேன்னு சொல்லச் சொன்னாங்க."

"நியாயம்தான்."

"நானும் மன்னிக்கல."

"தெரியும் மார்னி."

"தெரியாது. நான் இன்னும் முடிக்கல." படியின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இமையில் மழைத்துளியா மற்றதா, அவளுக்கே தெரிந்திருக்காது. "ஒண்ணு சொல்லணும்னு புதன்கிழமை சொன்னேன்ல... அதைக் கேட்டுட்டுப் போ. உன்னைப் பிடிச்சிருக்கு. நேத்து முழுக்க உட்கார்ந்து அதைப் பிடுங்கிப் போடப் பார்த்தேன். வரல. இப்பவும் இருக்கு. அதுதான் எனக்கு ஆத்திரம். இன்னிக்கு நான் கத்துக்கிட்டது அவ்வளவுதான்."

அவன் எழுந்தான். கிட்டே வரவில்லை. "எனக்கு முதல் நாளே," என்றான். "காபி கொட்டினப்பவே... அதனாலதான் சொல்ல முடியல. அதனாலதான் சொல்லாம இருக்கவும் முடியல."

அவள் தலையை அசைத்தாள். கேட்டுக்கொண்டேன் என்றா, போ என்றா, எனக்குத் தெரியவில்லை. "அங்க எதையும் விடாம சொல்லு," என்றாள். "ரெண்டு தடவை கேட்டான்ங்கறதை முக்கியமா சொல்லு." இறங்கி, மழையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் திரும்பும் வளைவு வரைக்கும் கண்ணாடியில் அந்த ஆரஞ்சு நிறம் இருந்த இடத்திலேயே இருந்தது.

வழி முழுவதும் வாம்பாட் இல்லை, மின்னல் இல்லை. ஓடுபாதையில் இறங்கும்போது மட்டும், திரும்பி வருவதற்கு எத்தனை நாளானாலும் முகாமுக்கு இதே பஸ்தானே என்று கேட்டான். இதே பஸ்தான், மூன்றாவது வரிசையும் அங்கேயேதான் இருக்கும் என்றேன்.